இளையவர் வாய் திறக்க யார் வழி விடுவது?

கேப்டனுக்கு 57 வயது. தென்கொரிய விமானப் படையிலிருந்து வந்தவர். பக்கத்து இருக்கையில் இருந்த துணை விமானிக்கு 33 வயது. 1999 டிசம்பர் 22 மாலை, லண்டனுக்கு அருகிலுள்ள ஸ்டான்ஸ்டெட் விமான நிலையத்திலிருந்து கொரியன் ஏர் நிறுவனத்தின் போயிங் 747 சரக்கு விமானம் இத்தாலியின் மிலான் நகருக்குக் கிளம்பியது. நன்றாக இருட்டியிருந்தது. விமானம் எந்தப் பக்கம் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று காட்டும் கருவி கேப்டன் பக்கத்தில் பழுதாகியிருந்தது. அவர் விமானத்தை இடப்பக்கம் திருப்பினார். கருவி சாய்வைக் காட்டவில்லை. எனவே இன்னும் திருப்பினார். இரு பக்கக் கருவிகளும் ஒத்துப்போகவில்லை என்று எச்சரிக்கை ஒலி அடித்தது. பின்னால் அமர்ந்திருந்த விமானப் பொறியாளர், விமானம் சாய்கிறது என்று திரும்பத் திரும்பச் சொன்னார். துணை விமானியின் கண்ணெதிரே இருந்த கருவி ஒழுங்காக வேலை செய்தது. நடப்பதை அப்படியே காட்டிக்கொண்டிருந்தது. அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. தரையைவிட்டு எழுந்த ஒரு நிமிடத்துக்குள் விமானம் விழுந்து நொறுங்கியது. உள்ளே இருந்த நான்கு பேரும் இறந்தார்கள்.

குரல் பதிவில் இன்னொன்றும் இருந்தது. புறப்படும் முன், கட்டுப்பாட்டு அறையுடன் பேசும் விஷயத்தில் கேப்டன் துணை விமானியைக் கடிந்துகொண்டிருக்கிறார். அவர்கள் சொல்வதைப் புரிந்துகொண்டு பேசு, கேட்டதற்குப் பதில் சொல் என்கிற மாதிரியான கடிதல். எந்த அலுவலகத்திலும் தினமும் காதில் விழுகிற திட்டுதான் அது. அப்படித் திட்டு வாங்கியவர் அடுத்த முறை வாய் திறக்கும் முன் ஒருமுறைக்கு இருமுறை யோசிப்பார் என்பது வேலைக்குப் போன எவருக்கும் தெரியும்.

பணியிடத்தில் தலைமுறைகளுக்கு இடையே பேச்சு சரியாக நடப்பதில்லை என்ற குறை இன்று எல்லா நிறுவனங்களிலும் கேட்கிறது. பெரியவர்கள் பிடிவாதக்காரர்கள் என்று இளையவர்களும், இளையவர்கள் பொறுமையில்லாதவர்கள் என்று பெரியவர்களும் சொல்கிறார்கள். இதற்கென்று பயிலரங்குகள் நடக்கின்றன. ஆனால் யார், எப்போது, யாரிடம், எந்தச் சொற்களில் பேசினார்கள், அதன் விளைவு என்ன என்பதற்கு ஆதாரம் கிடைக்கும் பணியிடங்கள் மிகச் சில. விமானி அறை அவற்றில் ஒன்று. அங்கே பேசுவது எல்லாம் பதிவாகிறது. பேசாமல் விட்டதும் பதிவாகிறது. ஆகவே, மூத்தவரும் இளையவரும் ஒருவரோடு ஒருவர் எப்படிப் பேசுகிறார்கள் என்று உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் அதுதான்.

கொரிய விபத்துகளைப் பற்றிப் பேசும்போது, ஆசியர்களின் மரியாதைப் பண்பாடுதான் காரணம் என்று முடித்துவிடுவது பலருக்கு வழக்கம். அதில் ஓரளவு உண்மை உண்டு. ஸ்டான்ஸ்டெட் விபத்தை ஆராய்ந்தவர்களே, கொரியப் பண்பாட்டைக் கணக்கில் கொண்டு பயிற்சியைத் திருத்தும்படி பரிந்துரைத்தார்கள். ஆனால் விமான வரலாற்றிலேயே அதிக உயிர்களைக் குடித்த விபத்து நெதர்லாந்து நாட்டு விமானி அறையில் தொடங்கியது.

1977 மார்ச் 27. கேனரித் தீவுகளில் ஒரு விமான நிலையத்தில் குண்டு வெடித்ததால், அங்கே போக வேண்டிய விமானங்கள் டெனெரிஃப் தீவின் லாஸ் ரோடியோஸ் நிலையத்துக்குத் திருப்பிவிடப்பட்டன. சிறிய நிலையம், ஒரே ஓடுபாதை. மூடுபனி வேறு இறங்கியது. கேஎல்எம் நிறுவனத்தின் 747 ஓடுபாதையின் ஒரு முனையில் நின்றது. அதே ஓடுபாதையில் பான் ஆம் நிறுவனத்தின் 747 மெல்ல ஊர்ந்து வந்துகொண்டிருந்தது. பனியில் ஒன்றுக்கொன்று தெரியவில்லை.

கேஎல்எம் கேப்டன் யாக்கோப் ஃபெல்ட்ஹாய்சன் ஃபான் சான்டன் சாதாரண ஆள் இல்லை. 747 விமானிகளுக்கான பயிற்சிக்குத் தலைமை வகித்தவர். நிறுவனத்தின் விளம்பரத்தில் அவருடைய படம்தான் இருந்தது. பக்கத்தில் இருந்த துணை விமானிக்கு, இரண்டு மாதங்களுக்கு முன்புதான் 747 ஓட்டுவதற்கான தேர்வை வைத்துத் தேறச் செய்தவர் இதே கேப்டன். அப்படிப்பட்டவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, அவர் செய்வது தவறு என்று சொல்ல எத்தனை பேருக்கு நா எழும்?

ஆனால் அந்தத் துணை விமானி சொன்னார். ஒருமுறை. கேப்டன் விசையை முன்னுக்குத் தள்ளியதும், இன்னும் அனுமதி வரவில்லையே என்று நினைவூட்டினார். அது தனக்குத் தெரியும், கேட்டு வாங்கு என்றார் கேப்டன். துணை விமானி வானொலியில் கேட்டார். வழித்தட அனுமதி வந்தது. புறப்படும் அனுமதி வரவில்லை. அவர் அதைத் திருப்பிச் சொல்லி முடிப்பதற்குள் கேப்டன் கிளம்பிவிட்டார். இரண்டாவது முறை துணை விமானி தடுக்கவில்லை. பின்னால் இருந்த விமானப் பொறியாளருக்கு மட்டும் சந்தேகம் தட்டியது. அந்தப் பான் ஆம் விமானம் இன்னும் விலகவில்லையோ என்று கேட்டார். விலகிவிட்டது என்று கேப்டன் அழுத்திச் சொன்னார். அதற்கு மேல் அவர் எதுவும் கேட்கவில்லை. சில விநாடிகளில் இரண்டு 747களும் மோதின. 583 பேர் இறந்தார்கள்.

இங்கே வயது வித்தியாசம் பெரிதில்லை. கேப்டனுக்கு 50, பொறியாளருக்கு 48, துணை விமானிக்கு 42. மூவரும் ஒரே தலைமுறை என்றே சொல்லலாம். 1982 ஜனவரி 13 அன்று வாஷிங்டனில் பனி கொட்டிய பகலில் விழுந்த ஏர் ஃபுளோரிடா விமானத்தில் இது இன்னும் தெளிவு. கேப்டனுக்கு 34 வயது, துணை விமானிக்கு 31. ஓடுபாதையில் வேகமெடுக்கும்போது கருவிகள் காட்டும் அளவு சரியில்லை என்று துணை விமானி கண்டுபிடித்தார். இது சரியாகப் படவில்லையே என்ற தோரணையில் ஒன்றுக்கு மேற்பட்ட முறை சொன்னார். நிறுத்துங்கள் என்று சொல்லவில்லை. எல்லாம் சரிதான் என்றார் கேப்டன். விமானம் போட்டோமாக் ஆற்றுப் பாலத்தில் மோதி நதியில் விழுந்தது. பாலத்தில் இருந்த நால்வரையும் சேர்த்து 78 பேர் இறந்தார்கள். மூன்று வயது மூத்தவரிடம்கூட ஓர் ஆள் ஜாடையாகத்தான் பேசினார்.

நாசா ஆய்வாளர் ஜூடித் ஒராசானுவும் மொழியியலாளர் ஊட்டே ஃபிஷரும் இதைச் சோதித்தார்கள். ஆபத்தான ஒரு சூழ்நிலையை எழுதிக் கொடுத்து, பக்கத்தில் இருப்பவரிடம் என்ன சொல்வீர்கள் என்று விமானிகளைக் கேட்டார்கள். கேப்டன்கள் கட்டளை இட்டார்கள். துணை விமானிகள் குறிப்பால் உணர்த்தினார்கள். அதாவது, அவசரம் ஒன்றாக இருந்தாலும் நாற்காலி மாறும்போது பேச்சு மாறுகிறது. இருவருமே பயனுள்ளவை என்று ஒப்புக்கொண்ட பேச்சு வகை வேறு: பிரச்சினை இன்னது என்று காரணத்தோடு சொல்வதும், நாம் இதைச் செய்தாக வேண்டும் என்று இருவருக்கும் பொதுவாகச் சொல்வதும். உரசலும் இல்லை, மழுப்பலும் இல்லை.

இந்த இடத்தில், தலைமுறைப் பட்டங்களைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். பேபி பூமர், ஜென் எக்ஸ், மில்லேனியல், ஜென் ஸீ என்று ஊழியர்களைப் பிரித்து, ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு குணத்தை ஒட்டிவிடும் வழக்கம் மனிதவளத் துறையில் வேரூன்றிவிட்டது. அதற்கு ஆய்வின் ஆதரவு இல்லை. டேவிட் கோஸ்டான்ஸாவும் குழுவினரும் 2012இல் 20 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். வேலைத் திருப்தி, நிறுவனப் பற்று, வேலையை விட்டுப் போகும் எண்ணம் ஆகிய மூன்றிலும் தலைமுறைகளுக்கு இடையே இருந்த வேறுபாடு மிகச் சிறிது. பல இடங்களில் இல்லை என்றே சொல்லலாம். அமெரிக்காவின் தேசிய அறிவியல் கழகங்கள் 2020இல் வெளியிட்ட அறிக்கையும், ஊழியர்களை நிர்வகிக்கத் தலைமுறைப் பிரிவுகளை நம்ப வேண்டாம் என்ற முடிவுக்கே வந்தது. 2021இல் சமூகவியலாளர் ஃபிலிப் கோஹென் முன்னின்று, இந்தப் பட்டங்களைக் கைவிடும்படி பியூ ஆய்வு மையத்துக்கு அறிஞர்கள் பலர் கையெழுத்திட்ட கடிதம் ஒன்று போனது. 2023இல் அந்த மையமே இனி இவற்றைக் கவனமாகத்தான் பயன்படுத்துவோம் என்று அறிவித்தது.

இருபத்தைந்து வயதில் எவருக்கும் அவசரம் இருக்கும். ஐம்பத்தைந்து வயதில் எவருக்கும் எச்சரிக்கை கூடும். இது வயதின் தன்மை. தலைமுறையின் தன்மை இல்லை. இந்தியாவுக்கு இந்தப் பட்டங்கள் இன்னும் குறைவாகவே பொருந்தும். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவில் பிறப்பு விகிதம் ஏறியதை வைத்துக் கிழித்த கோட்டைக் கொண்டு, ரேஷன் கடை வரிசையிலும் தொலைபேசி இணைப்புக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்த காலத்திலும் வளர்ந்த ஒரு வங்கி மேலாளரை அளப்பது முறையில்லை. இந்தக் கட்டுரையின் துணிபு இதுதான்: அலுவலகங்களில் தலைமுறை இடைவெளி என்று சொல்லப்படுவதில் பெரும்பங்கு பதவி இடைவெளி. வயதும் பதவியும் சேர்ந்தே ஏறுவதால் இரண்டும் ஒன்றாகத் தெரிகின்றன. வயதை யாரும் மாற்ற முடியாது. பதவி பேசும் முறையை மாற்ற முடியும். விமானத் துறை மாற்றிக் காட்டியிருக்கிறது.

மாற்றம் தொடங்கியது இன்னொரு விபத்தில். 1978 டிசம்பர் 28 அன்று, அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகருக்கு மேலே யுனைடெட் நிறுவனத்தின் டிசி-8 விமானம் ஒரு மணி நேரம் வட்டமடித்தது. சக்கரம் சரியாக இறங்கிப் பூட்டிக்கொண்டதா என்ற சந்தேகம். கேப்டனின் கவனம் முழுக்கச் சக்கரத்தின் மேல் இருந்தது. எரிபொருள் குறைவதைத் துணை விமானியும் பொறியாளரும் அறிந்திருந்தார்கள். சொல்லவும் சொன்னார்கள், ஆனால் கேப்டனுக்கு உறைக்கும்படி சொல்லவில்லை. எரிபொருள் தீர்ந்து விமானம் விழுந்தது. பத்துப் பேர் இறந்தார்கள். அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் தன் பரிந்துரையில் இரு பக்கத்துக்கும் பாடம் வைத்தது: கீழே உள்ளவர்கள் உறுதியாகப் பேசப் பழக வேண்டும், கேப்டன்கள் குழுவின் பங்களிப்பை வாங்கி நிர்வகிக்கப் பழக வேண்டும். அடுத்த ஆண்டு நாசா இதற்கென ஒரு பயிலரங்கு நடத்தியது. 1981இல் யுனைடெட் நிறுவனம் தன் விமானிகளுக்குப் பயிற்சியைத் தொடங்கியது. விமானிக் குழு வள மேலாண்மை என்று பெயர் பெற்ற அந்தப் பயிற்சி இன்று உலகெங்கும் கட்டாயம்.

எளிதில் நடந்துவிடவில்லை. அனுபவம் முற்றிய கேப்டன்கள் சிலர், நாகரிகம் கற்றுத்தரும் வகுப்பு என்று அதை எள்ளினார்கள். முப்பது வருடம் ஓட்டியவனுக்குப் பக்கத்தில் இருக்கும் பையனிடம் எப்படிப் பேசுவது என்று பாடமா என்ற ஆத்திரம் புரியக்கூடியதே. அந்த ஆத்திரத்துக்குப் பதில் சொன்னவர்களில் முக்கியமானவர் அதே யுனைடெட் நிறுவனத்தின் மூத்த கேப்டன் ஆல் ஹேய்ன்ஸ். 1989 ஜூலை 19 அன்று அவர் ஓட்டிய டிசி-10 விமானத்தின் வால்பக்க இன்ஜின் வெடித்து, திருப்பவும் தாழ்த்தவும் உதவும் ஹைட்ராலிக் அமைப்புகள் எல்லாம் செயலிழந்தன. அப்படி ஒரு நிலைக்குக் கையேடே கிடையாது. பயணியாக வந்திருந்த பயிற்சி விமானி டென்னிஸ் ஃபிட்ச் உதவுவதாகச் சொன்னதும் அறைக்குள் அழைத்து, மீதமிருந்த இரண்டு இன்ஜின்களின் விசையை அவர் கையில் கொடுத்தார். அறையில் இருந்த நால்வரும் பேசிப் பேசியே சூ சிட்டி விமான நிலையம் வரை கொண்டுவந்தார்கள். 112 பேர் இறந்தார்கள். 184 பேர் பிழைத்தார்கள். கேப்டன் சொல்வதே வேதம் என்றிருந்த பழைய காலமாக இருந்தால் பிழைத்திருக்க மாட்டோம் என்று ஹேய்ன்ஸ் பின்னர் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். அனுபவம் மிக்கவர் இளையவரிடம் கேட்பதால் அவருடைய அனுபவத்துக்குக் குறைவு வருவதில்லை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

1994இல் அதே பாதுகாப்பு வாரியம் 1978க்கும் 1990க்கும் இடையே விமானிகளின் தவறால் நேர்ந்த 37 பெரிய விபத்துகளைப் பிரித்து ஆராய்ந்தது. ஐந்தில் நான்குக்கு மேற்பட்டவற்றில் விமானத்தை ஓட்டியவர் கேப்டன். துணை விமானி கண்காணித்துக்கொண்டிருந்தவர். 37இல் 31 விபத்துகளில், கண்காணிக்க வேண்டியவர் தவறைக் கவனிக்கவில்லை அல்லது தட்டிக் கேட்கவில்லை. யோசித்துப் பார்த்தால் இது விசித்திரமானது. அனுபவசாலி ஓட்டும்போதுதான் பாதுகாப்பு கூட வேண்டும். ஆனால் அனுபவமில்லாதவர் ஓட்டும்போது பக்கத்தில் உள்ள கேப்டன் தயங்காமல் திருத்துகிறார். கேப்டன் ஓட்டும்போது திருத்த ஆள் இல்லாமல் போகிறது.

நம் ஊருக்கு வருவோம். 2010 மே 22 அன்று துபாயிலிருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் மங்களூரு மேசைமேட்டு ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்தது. 158 பேர் இறந்தார்கள். இறங்காதீர்கள், மறுபடி மேலே ஏறிச் சுற்றி வருவோம் என்ற பொருளில் துணை விமானி மூன்று முறை சொல்லியும் கேப்டன் இறங்குவதில் பிடிவாதமாக இருந்ததை விசாரணை அறிக்கை நேரடிக் காரணமாகக் குறிப்பிட்டது. இங்கே துணை விமானி ஜாடை பேசவில்லை. முறைப்படியான சொல்லையே சொன்னார். கேட்பதற்குத்தான் ஆள் இல்லை. இளையவர்களுக்குத் துணிச்சல் பயிற்சி கொடுத்தால் போதும் என்று நினைக்கிறவர்கள் இந்த விபத்தை மறந்துவிடக் கூடாது.

பத்து ஆண்டுகள் கழித்து, கொரோனா காலத்தில், 2020 ஆகஸ்ட் 7 அன்று இரவு மழையில் அதே நிறுவனத்தின் விமானம் கோழிக்கோட்டில் இறங்கியது. அதுவும் துபாயிலிருந்து வந்தது. அதுவும் மேசைமேட்டு ஓடுபாதை. கேப்டனுக்கு 59 வயது, முன்னாள் விமானப் படை விமானி. துணை விமானிக்கு 32. விமானம் தரையைத் தொட வேண்டிய பகுதியைத் தாண்டி மிதந்துகொண்டே போனது. விபத்துப் புலனாய்வு அறிக்கையில் துணை விமானியின் சொற்கள் வரிசையாக இருக்கின்றன. முதலில் சற்றுப் பாருங்கள் என்ற பொருளில் ஒரு பொதுப்பேச்சு. பிறகு கேப்டன் என்று சன்னமான, தயக்கமான குரலில் ஒரு விளிப்பு. அதன் பிறகுதான் மேலே ஏறச் சொல்லும் முறையான சொல். அதற்குள் ஓடுபாதையில் பாதி கழிந்திருந்தது. விமானம் ஓடுபாதை முனையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்து உடைந்தது. இரு விமானிகளோடு 21 பேர் இறந்தார்கள். இருவருக்கும் இடையே இருந்த செங்குத்தான அதிகார ஏற்றத்தாழ்வை அறிக்கை எடுத்துக்காட்டியது.

அந்தச் சன்னமான விளிப்பை நம் அலுவலகங்கள் எல்லாவற்றிலும் கேட்கலாம். கூட்டத்தின் நடுவில் பாதி எழுந்த குரலில் வரும் ‘சார்...’ அதுதான். பெரியவர் பேச்சைத் தொடர்ந்தால் அது அப்படியே அமுங்கிவிடும்.

அலுவலகத்தில் யாரும் சாவதில்லை என்று சொல்லலாம். மருத்துவமனையில் சாகிறார்கள். ராபர்ட் ஹெல்ம்ரைக்கும் சகாக்களும் 2000இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஓர் ஒப்பீட்டை வெளியிட்டார்கள். மூத்தவர்களின் முடிவை இளையவர்கள் கேள்வி கேட்கக் கூடாது என்ற நிலைப்பாட்டை விமானிகளில் 94 சதவீதம் பேர் நிராகரித்தார்கள். தலைமை அறுவை சிகிச்சை நிபுணர்களில் 55 சதவீதம் பேர்தான் நிராகரித்தார்கள். இருபது ஆண்டுப் பயிற்சி ஒரு தொழிலின் மனத்தை எவ்வளவு மாற்றியது, பயிற்சி இல்லாத தொழில் எங்கே நின்றது என்பதை இந்த இரண்டு எண்களே சொல்லிவிடுகின்றன.

பிரிட்டிஷ் விமானி மார்ட்டின் புரோமிலியின் குடும்பத்தில் அப்படி ஒரு மரணம் நேர்ந்தது. 2005 மார்ச் மாதம் அவருடைய மனைவி மூக்கடைப்புக்கான சிறிய அறுவை சிகிச்சைக்குப் போனார். மயக்க மருந்து கொடுத்ததும் மூச்சுப் பாதை அடைத்துக்கொண்டது. அனுபவமுள்ள மூன்று நிபுணர்கள் இருபது நிமிடங்களுக்கு மேல் தொண்டை வழியாகக் குழாயைச் செலுத்தவே முயன்றுகொண்டிருந்தார்கள். கழுத்தில் துளையிட்டு வழி ஏற்படுத்த வேண்டிய நேரம் அது. அறையில் இருந்த செவிலியர்களுக்கு அது புரிந்திருந்தது. ஒருவர் துளையிடும் கருவிகளை எடுத்துவந்து, இதோ இருக்கிறது என்றும் சொன்னார். இன்னொருவர் தீவிர சிகிச்சைப் பிரிவில் படுக்கை கேட்டு ஏற்பாடு செய்தார். மருத்துவர்கள் பார்த்த பார்வையில், தான் மிகைப்படுத்துகிறோமோ என்று தோன்றி அதை ரத்து செய்தார். 13 நாட்கள் கழித்து அந்தப் பெண் இறந்தார். புரோமிலி யாரையும் தண்டிக்கச் சொல்லவில்லை. விமான விபத்தை ஆராய்வதுபோல இதை ஆராயுங்கள் என்று கேட்டார். 2007இல் மருத்துவத்தில் இந்த மனிதக் காரணிகளைப் பற்றிப் பேச ஓர் அமைப்பையும் தொடங்கினார்.

உலகச் சுகாதார நிறுவனம் 2008இல் கொண்டுவந்த அறுவை சிகிச்சைச் சரிபார்ப்புப் பட்டியலில், கத்தி வைக்கும் முன் அறையில் உள்ள எல்லோரும் தங்கள் பெயரையும் வேலையையும் சொல்ல வேண்டும் என்று ஒரு வரி உண்டு. சம்பிரதாயம்போலத் தோன்றும். ஆனால் முதல் நிமிடத்தில் ஒருமுறை வாய் திறந்து பேசிவிட்ட செவிலியருக்கு, இருபதாவது நிமிடத்தில் பேசுவது சற்று எளிதாகிறது. டெல்லி உட்பட எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் இந்தப் பட்டியலைச் சோதித்தபோது இறப்பு விகிதம் 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகக் குறைந்தது. அமெரிக்க மருத்துவமனைகளுக்கான பயிற்சி ஒன்றில், கீழே இருப்பவருக்கு மூன்று படிகளில் சொற்களைக் கையிலேயே கொடுத்துவிடுகிறார்கள்: எனக்குக் கவலையாக இருக்கிறது, எனக்கு இது சங்கடமாக இருக்கிறது, இது நோயாளியின் பாதுகாப்புப் பிரச்சினை. மூன்றாவதைக் கேட்டால் எவ்வளவு பெரிய மருத்துவரும் கையை நிறுத்த வேண்டும். தைரியம் எல்லோருக்கும் வராது. முன்கூட்டியே ஒப்புக்கொண்ட வாக்கியம் இருந்தால் தைரியம் தேவைப்படுவதும் குறைகிறது.

உயிர் போகாத இடங்களில் மௌனத்துக்கு என்ன விலை? கணக்கு எழுதுவார் யாரும் இல்லாததால் தெரிவதில்லை. மென்பொருள் நிறுவனத்தில் வாடிக்கையாளருக்குச் சொன்ன தேதி நடக்காத காரியம் என்று குழுவில் சேர்ந்து ஆறு மாதமான பெண்ணுக்குத் தெரிந்திருக்கும். கிளை மேலாளர் பரிந்துரைத்த கடன் திரும்பி வராது என்று புதிதாக வந்த அதிகாரிக்குத் தோன்றியிருக்கும். ‘எல்லாம் ஓகேதானே?’ என்று பெரியவர் கேட்பார். ‘ஓகே சார்’ என்பார்கள். கூட்டம் முடிந்து டீக்கடையில் நிற்கும்போது உண்மை வெளியே வரும். அங்கே பெரியவர் இருக்க மாட்டார்.

ஹார்வர்டின் ஏமி எட்மண்ட்ஸன் 1990களில் மருத்துவமனைக் குழுக்களில் மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகளை ஆராய்ந்தார். நல்ல குழுவில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். கணக்கு நேர்மாறாக வந்தது. நல்ல குழுக்களில்தான் தவறுகள் அதிகமாகப் பதிவாகியிருந்தன. காரணம், அங்கே தவறை ஒப்புக்கொள்ள யாரும் பயப்படவில்லை. தலைவர் கண்டிப்பானவராக இருந்த இடங்களில் தவறுகள் மறைந்துகொண்டன. ஆகவே புகாரே வராத மேலாளர், தன் துறை நன்றாக நடக்கிறது என்று நிம்மதியடைவதற்கு முன் ஒருமுறை யோசிப்பது நல்லது.

கேள்வியின் வடிவம் முக்கியம். ‘யாருக்காவது சந்தேகம் இருக்கா?’ என்று கேட்டால் கை தூக்குபவர் மட்டும் புரியாதவர் ஆகிவிடுகிறார். ‘இந்தத் திட்டம் எங்கே சறுக்கும்? ஆளுக்கு ஒன்று சொல்லுங்க’ என்று கேட்டால் பேசாதவர்தான் வேலை செய்யாதவர் ஆகிறார். பேசும் வரிசையும் முக்கியம். மரண தண்டனை வழக்குகளில் இளைய நீதிபதியிலிருந்தே கருத்துக் கேட்பது தொடங்க வேண்டும் என்று யூதர்களின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னா விதித்தது. மூத்தவர் சொல்லிவிட்டால் மற்றவர்கள் அதற்கு மாறாகப் பேச மாட்டார்கள் என்பதை அவர்கள் அன்றே அறிந்திருந்தார்கள். திருவள்ளுவரும் தன்னை இடித்துரைப்பவர் இல்லாத அரசன் தானாகவே அழிவான் என்று எச்சரித்திருக்கிறார். ஆனால் அந்தக் குறள் வருவது பெரியாரைத் துணைக்கோடல் என்ற அதிகாரத்தில். இடித்துரைப்பவர் பெரியவராக இருப்பார் என்பது அங்கே எதிர்பார்ப்பு. சிறியவர் இடித்துரைத்தாலும் கேட்க வேண்டும் என்ற கூடுதல் பாடத்தை நாமாகத்தான் கற்றாக வேண்டியிருக்கிறது.

இதுவரை சொன்னது கீழிருந்து மேலே போக வேண்டிய பேச்சு. மேலிருந்து கீழே வர வேண்டியது அனுபவம். அதையும் கேட்டால்தான் கிடைக்கும். நிலவுக்கு மனிதனை அனுப்பிய சாட்டர்ன் 5 ராக்கெட்டில் ஐந்து எஃப்-1 இன்ஜின்கள் இருந்தன. அதே வகை இன்ஜினை மீண்டும் கட்ட முடியுமா என்று 2012, 2013 வாக்கில் ஹன்ட்ஸ்வில்லில் உள்ள நாசாவின் மார்ஷல் மையத்தில் ஓர் இளம் பொறியாளர் குழு இறங்கியது. வரைபடங்கள் எல்லாம் இருந்தன. ஆனால் 1960களில் பற்றவைத்தவர்களும் பொருத்தியவர்களும் ஒவ்வொரு இன்ஜினிலும் கையால் செய்த சின்னச்சின்னத் திருத்தங்கள் எந்த வரைபடத்திலும் இல்லை. செய்தவர்களில் பலர் ஓய்வு பெற்றுவிட்டார்கள், பலர் இறந்துவிட்டார்கள். சேமிப்பில் கிடந்த பழைய இன்ஜினைக் கழற்றி, பாகம் பாகமாகக் கணினியில் படமெடுத்து, இன்னும் இருக்கும் பழையவர்களை விசாரித்துத்தான் அந்த அறிவை மீட்டார்கள். உலகின் மிகப் பணக்கார விண்வெளி அமைப்புக்கே இந்தக் கதி. இங்கே ஒரு பொறியாளரோ கணக்கரோ ஓய்வு பெறும்போது மாலை போட்டு, சால்வை போர்த்தி, நினைவுப் பரிசு கொடுத்து அனுப்புகிறோம். முப்பத்தைந்து வருடம் அந்த மேசையில் என்ன கற்றார் என்று உட்கார்ந்து கேட்பது அரிது.

இளையவரிடம் மூத்தவர் கற்பதை முறையாகவே நடத்தியவர்களும் உண்டு. 1999இல் ஜெனரல் எலக்ட்ரிக் தலைவர் ஜாக் வெல்ச் தன் மூத்த அதிகாரிகள் 500 பேரை, ஆளுக்கு ஓர் இளையவரைப் பிடித்து இணையத்தைக் கற்றுக்கொள்ளச் சொன்னார். தானும் கற்றார். பின்னால் பல நிறுவனங்கள் அதைப் பின்பற்றின. தொலைபேசியா வாட்ஸ்அப்பா என்ற சண்டையெல்லாம் சின்ன விஷயம். அவசரம் என்றால் அழைப்பு, பதிவு வேண்டுமென்றால் மின்னஞ்சல், இரவு ஒன்பது மணிக்கு மேல் செய்தி வேண்டாம் என்று ஒரு குழு உட்கார்ந்து பேசி முடித்துவிடலாம்.

கொரியன் ஏர் நிறுவனத்தில் ஸ்டான்ஸ்டெட்டுக்குப் பிறகு, அமெரிக்காவின் டெல்டா நிறுவனத்தில் இருந்த டேவிட் கிரீன்பெர்க்கைக் கொண்டுவந்து பயிற்சியையும் நடைமுறையையும் மாற்றினார்கள். விமானிகளும் அதே கொரியர்கள்தான், மரியாதையும் குறையவில்லை. 1999க்குப் பிறகு அங்கே உயிர் பறித்த விமான விபத்து நடக்கவில்லை. பண்பாட்டை மாற்றாமலே பேச்சை மாற்றலாம் என்பதற்கு இது சான்று.

ஆகவே, கீழே நான்கு பேரை வைத்து வேலை வாங்கும் மூத்தவர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த கூட்டத்தில் உங்கள் கருத்தைக் கடைசியாகச் சொல்லுங்கள். குழுவில் புதிதாகச் சேர்ந்தவரை முதலில் பேச வையுங்கள். அவர் சொல்வது தவறாக இருந்தாலும் அங்கே வைத்துத் திருத்தாமல், எழுதிக்கொள்ளுங்கள். சென்ற ஆண்டில் உங்களை எந்த இளையவராவது திருத்தியிருக்கிறாரா என்று யோசியுங்கள். ஒருவர்கூட நினைவுக்கு வராவிட்டால், நீங்கள் தவறே செய்யவில்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்களிடம் சொல்ல வழியில்லை என்று எடுத்துக்கொண்டு அந்த வழியை இந்த வாரமே திறங்கள்.